நாற்பதைத் தொடாதவர்களுக்குக் குடல் புற்றுநோய்ச் சோதனை: இரத்தமா, மலமா, குழாயா?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச காலமாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியெல்லாம் இனித் தேவையில்லை, ஒரு குப்பி இரத்தம் கொடுத்தால் குடல் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அதன் சாரம். அனுப்புகிறவர்கள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வேலையில் இருக்கும் பிள்ளைகள். படித்துவிட்டுக் கவலைப்படுகிறவர்கள் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் புதுவயலிலும் இருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரர்கள். முன்னோருக்குப் படையலிடும் ஒரு படைப்பு வீட்டில் எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர், "அண்ணே, அந்த இரத்தப் பரிசோதனையை நாமும் எடுத்து வைத்துவிடலாமா?" என்று கேட்டார். பரிசோதனைக்கூடத்தில் பல காலம் வேலை பார்த்தவன் என்பதால் இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம்தான் வரும். அவருக்கு நின்றபடி சொன்ன பதில் போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020-இல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. அமெரிக்கக் கணக்கில், 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு, 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்ததைக் காட்டிலும் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்கு. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 70,000 பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் மேலை நாடுகளைவிட மிகக் குறைவுதான். ஆனால் மும்பை டாடா நினைவு மருத்துவமனை வெளியிட்ட ஒரு தொகுப்பில் நோயாளிகளின் சராசரி வயதே 47-ஐ ஒட்டி இருந்தது. நம் நாட்டில் இளைஞர்கள் அதிகம் என்பதால் இந்தச் சராசரி ஓரளவு தானாகவே இறங்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும், "இது கிழவர்களின் நோய்" என்ற பழைய நம்பிக்கையை இனிக் கைவிட வேண்டியதுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பதுக்குக் கீழே, செய்தியில் வருகிற அந்தப் புதிய இரத்தப் பரிசோதனையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் நம் ஊர் லேப்பில் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற இன்னோர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதை யாரும் குழுவில் பகிர்வதில்லை. அதைச் செய்துகொள்ளச் சொல்வேன்.

புதிய இரத்தப் பரிசோதனை எதைப் பார்க்கிறது

செய்தியில் வருவது பெரும்பாலும் கார்டன்ட் ஹெல்த் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'ஷீல்ட்'. 2024 ஜூலையில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு ஒப்புதல் கொடுத்தது. புற்றுக்கட்டியின் செல்கள் செத்து உடையும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. அந்தத் துணுக்குகளில் உள்ள வேதிக் குறிகளையும் அவை உடைந்திருக்கும் விதத்தையும் வைத்து, குடலில் கட்டி இருக்கக்கூடுமா என்று இந்தப் பரிசோதனை கணிக்கிறது. அறிவியல் அழகானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வு, 2024 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. கிட்டத்தட்ட 7,900 பேரின் முடிவுகளைக் கொலோனோஸ்கோபியோடு ஒப்பிட்டார்கள். புற்றுநோய் இருந்தவர்களில் 83 சதவீதத்தினரை இரத்தம் காட்டிக்கொடுத்தது. முதல் நிலையில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் இது 65 சதவீதமாக இறங்குகிறது. புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப்புகளைப் பொறுத்தவரை, அது கண்டது 13 சதவீதம்தான்.

இந்த 13 என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, பத்தாண்டு அளவில் மெல்ல மாறுகிறது. அந்த இடைவெளியில் பாலிப்பைக் கண்டு வெட்டி எடுத்துவிட்டால் புற்றுநோய் வருவதையே தடுக்கலாம். மற்றப் பல புற்றுநோய்களில் இந்த வாய்ப்பு நமக்குக் கிடையாது. பாலிப்போ இரத்தத்தில் டி.என்.ஏ.வை அவ்வளவாகக் கொட்டுவதில்லை. ஆகவே இந்த இரத்தப் பரிசோதனை வந்த நோயைச் சொல்லும், வரப்போகிற நோயைப் பெரும்பாலும் சொல்லாது.

அடுத்தது வயது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஒப்புதலும் 45 வயதுக்கு மேல், சராசரி அபாயம் உள்ளவர்களுக்கு மட்டும். குடும்பத்தில் நோய் இருப்பவர்களுக்கோ அறிகுறி இருப்பவர்களுக்கோ அல்ல. முப்பத்தைந்து வயதுத் தம்பி இதை எடுத்தால், மேலே சொன்ன சதவீதங்கள் அவருக்குப் பொருந்தும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

பொருந்தும் என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். எங்கள் பக்கத்தில் கணக்குக்குப் பயந்தவர்கள் கிடையாது. 35 வயதுள்ள ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்கு அறிகுறி காட்டாத புற்று மறைந்திருக்கிறது என்று தாராளமாகவே வைப்போம். சோதனை 8 பேரைப் பிடிக்கும். அதே ஆய்வில், குடலில் கவலைப்படும்படி எதுவும் இல்லாதவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கும் 'உண்டு' என்று முடிவு வந்தது. அப்படியானால் 10,000 பேருக்கு மேல் வீணாகக் கலங்குவார்கள். இளம் வயதில் இந்தத் தவறான எச்சரிக்கை குறையலாம். பாதியாகக் குறைந்தாலும் 5,000 பேர். அந்த 8 பேரைத் தேடி இவர்கள் எல்லோரும் கொலோனோஸ்கோபிக்குப் போக வேண்டும். இரத்தத்தில் 'உண்டு' என்று வந்தால் அடுத்த படி குழாய்தான். குழாய்க்குப் பயந்து இரத்தம் கொடுத்தவர் குழாயிடமே வந்து நிற்பார்.

விலையையும் சொல்லிவிடலாம். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு இதற்குக் கொடுக்கும் தொகை 1,495 டாலர். நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும்.

இளம் வயதினருக்காகவே இரத்தப் பரிசோதனை உருவாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கலிபோர்னியாவின் 'சிட்டி ஆஃப் ஹோப்' மையத்தில் அஜய் கோயல் குழுவினர், ஐம்பது வயதுக்குக் கீழே இந்த நோய் வந்தவர்களின் இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சிறு மரபுத் துணுக்குகளில் நான்கின் அளவு மாறியிருப்பதைக் கண்டு 2022-இல் வெளியிட்டார்கள். நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வு அது. தெருவில் போகிற ஒரு லட்சம் பேரில் பத்துப் பேரைத் தேடுவது வேறு வேலை. இந்தத் துறை முன்னேறும், நானும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கும் நிலையில் அது இல்லை.

நம் ஊர்ப் பேக்கேஜில் வரும் இரத்தப் பரிசோதனை

ஷீல்டை யாரும் காரைக்குடியில் விற்கவில்லை. நம்மவர்கள் கையில் உண்மையில் வந்து சேர்வது மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் 'கேன்சர் மார்க்கர்' என்று சேர்க்கப்படும், இரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் சி.இ.ஏ. இது குடல் புற்றுநோய் அறுவை முடிந்தவர்களுக்கு, நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க நல்ல கருவி. ஆரோக்கியமானவரிடம் நோயைத் தேடுவதற்கு உதவாது. ஆரம்ப நிலைப் புற்று உள்ள பலருக்கு இது இயல்பாகவே இருக்கும். புகைபிடிப்பவருக்கும், கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும், குடல் அழற்சி உள்ளவருக்கும் புற்று இல்லாமலே ஏறும். சி.இ.ஏ. சற்று உயர்ந்து 6 என்று வந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கண்கலங்கி வந்தவர்களைக் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். அதைவிட வருத்தம், இரத்தக் கசிவோடு இருந்தவர்கள் இயல்பாக 2 என்று வந்த தாளை நம்பி வீட்டுக்குப் போனது. இப்படிப்பட்ட பேக்கேஜ்களை விற்கும் எங்கள் தொழில்மீது எனக்குக் கோபம் உண்டு. ஒரே இரத்தத்தில் பல புற்றுநோய்களைத் தேடும் பரிசோதனைகளும் இந்தியச் சந்தையில் இறங்கியிருக்கின்றன. முன்னால் போட்ட கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

இனி, நான் சொல்ல வந்த பரிசோதனைக்கு வருகிறேன். அது ஹீமோகுளோபின். குறைவாக இருந்தால் கூடவே, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின்.

2023-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐம்பது வயதுக்குள் குடல் புற்றுநோய் வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பழைய மருத்துவப் பதிவுகளைத் தோண்டினார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் முன்பே நான்கு விஷயங்கள் தலைகாட்டியிருந்தன: வயிற்று வலி, ஆசனவாயில் இரத்தம், வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை. இவற்றில் ஒன்று இருந்தால் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு, இரண்டு இருந்தால் மூன்றரை மடங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் ஆறரை மடங்கு. இந்த நான்கில் நோயாளிக்கே தெரியாமல் இருக்கக்கூடியது இரத்தசோகைதான். குடலின் வலப்பக்கத்தில் வளரும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் துளித்துளியாகக் கசியும். மலத்தின் நிறம்கூட மாறாது. ஆள் சோர்ந்து போவார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

ஆண்களுக்கு இது தெளிவான எச்சரிக்கை மணி. முப்பத்தைந்து வயது ஆணுக்கு ஹீமோகுளோபின் 10 என்றால், இரும்பு மாத்திரையோடு நிறுத்தாமல், இரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். நம் கிராமங்களில் கொக்கிப்புழுவும் காரணமாகலாம், வயிற்றுப் புண்ணும் ஆகலாம். எதுவாயினும் கண்டுபிடித்தாக வேண்டியதுதானே. பெண்கள் விஷயத்தில்தான் சிக்கல். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. அதனால் ஒரு பெண்ணின் குறைந்த ஹீமோகுளோபினைக் கண்டு யாரும் திடுக்கிடுவதில்லை, மாதவிடாயின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். மூன்று மாதம் ஒழுங்காக இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை, அல்லது ஏறி மறுபடி இறங்குகிறது, அல்லது மாதவிடாய் அதிகமில்லாமலே குறைகிறது என்றால், அந்தப் பெண்ணைக் குடல் மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான் முறை.

மலச் சோதனை

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்கள் இரத்தப் பரிசோதனைச் செய்தியை அனுப்புகிறார்களே தவிர, அவர்கள் நாட்டின் தேசியத் திட்டம் இன்றும் மலச் சோதனையைத்தான் நம்பியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே எஃப்.ஐ.டி. என்ற பெட்டியைக் கொடுக்கிறார்கள். வீட்டிலேயே குச்சியால் சிறிது மலத்தை எடுத்துக் குப்பியில் இட்டு அனுப்ப வேண்டும். மலேசியாவிலும் இதே வழிதான்.

இது மலத்தில் மறைந்திருக்கும் மனித இரத்தத்தை மட்டும் எதிர்ப்பொருள் கொண்டு கண்டுபிடிக்கிறது. 2014-இல் வந்த பெரிய ஆய்வொன்றில், ஒருமுறை எடுத்த எஃப்.ஐ.டி. புற்றுநோய்களில் 74 சதவீதத்தைக் கண்டது. முற்றிய பாலிப்புகளில் 24 சதவீதம். இரத்தப் பரிசோதனையின் 13-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். ஒப்பிட்டால் புற்றைக் காண்பதில் இரத்தம் சற்று முன்னே, பாலிப்பைக் காண்பதில் மலம் முன்னே. தவறான எச்சரிக்கை எஃப்.ஐ.டி.யில் 5 சதவீதம் அளவில்தான். வருடந்தோறும் திரும்பச் செய்யலாம் என்பதால், ஒரு வருடம் தப்பியது அடுத்த வருடம் அகப்படலாம். 2025-இல் 'லான்செட்' இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வில், 50 முதல் 69 வயதினரில் மலச் சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களுக்கும் கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களுக்கும் பத்தாண்டு முடிவில் இந்த நோயால் இறப்பது ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. கௌரவம் இல்லாத சோதனை என்பதைத் தவிர இதற்கு வேறு பெரிய குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் ஊரில் இதைச் செய்யும்போது சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறிய லேப்களில் 'மலத்தில் மறை இரத்தம்' என்று எழுதியிருந்தால் அது பழைய வேதி முறையாக இருக்கலாம். அந்த முறை மனித இரத்தத்தையும் ஆட்டு இரத்தத்தையும் பிரித்துப் பார்க்காது. முந்தின நாள் சுக்கா வறுவல் சாப்பிட்டிருந்தாலே பொய்யாக 'உண்டு' என்று காட்டும். அதனால்தான் அதற்கு மூன்று நாள் கறி விலக்கச் சொல்வார்கள். எஃப்.ஐ.டி.க்கு அந்தப் பத்தியம் எதுவுமில்லை. ஆட்டு இரத்தப் பொரியலே சாப்பிட்டிருந்தாலும் அது ஏமாறாது. எந்த முறை என்று கேளுங்கள், முடிவை எண்ணாகக் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று வெயில். ஹீமோகுளோபின் சூட்டில் சிதையும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பகுதித் திட்டத்திலேயே கோடை மாதங்களில் 'உண்டு' என்ற முடிவுகள் குறைந்தன. ஃபுளோரன்ஸின் கோடை எங்கே, எங்கள் கத்திரி வெயில் எங்கே! குப்பியைப் பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு மாலையில் கொடுத்தால் முடிவை நம்ப முடியாது. காலையில் எடுத்து, உடனே கொடுத்துவிட வேண்டும். மாதவிடாய் நாட்களில் எடுக்கக் கூடாது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அறிகுறியே இல்லாத 35 வயதுக்காரருக்கு ஒரு லட்சம் பேர்க் கணக்கு மலச் சோதனைக்கும் பொருந்தத்தான் செய்யும். அமெரிக்கத் தடுப்புப் பணிக் குழுவே 2021-இல் சோதனை தொடங்கும் வயதை 50-இலிருந்து 45 ஆகத்தான் இறக்கியது, 35-க்குப் போகவில்லை. இந்தியாவில் அரசு நடத்தும் திரையிடல், அதாவது அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடும் சோதனை, வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான். குடல் அதில் இல்லை, நம் நாட்டு நோய் அளவைப் பார்த்தால் அதைக் குறையாகவும் சொல்ல முடியாது.

மலத்தில் டி.என்.ஏ. பார்க்கும் கோலோகார்ட் புற்றுநோய்களில் 92 சதவீதத்தைக் காண்கிறது. அதுவும் 45-க்கு மேல்தான், விலையும் அதிகம். சி.டி. ஸ்கேன் மூலம் குடலைப் பார்ப்பதற்குக் கொலோனோஸ்கோபிக்குச் செய்கிற அதே வயிற்றுச் சுத்தம் தேவை, பாலிப் இருந்தால் எடுக்கவும் முடியாது. இரண்டையும் தாண்டிப் போகலாம்.

விரல்

'மூலம், பௌத்திரம்' என்று சுவரில் வைத்தியர் விளம்பரம் எழுதாத பஸ் நிலையம் தமிழ்நாட்டில் உண்டா? ஆசனவாயில் இரத்தம் என்றதும் நம்மவர்கள் முதலில் போவது அந்த வைத்தியர்களிடம்தான். நாற்பதுக்குக் கீழே இரத்தம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூலமோ வெடிப்போதான் காரணம் என்பதும் உண்மை. ஆபத்து என்னவென்றால், அதை யாரும் பார்த்து உறுதி செய்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டு, மருந்தும் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் இந்தப் புற்றுநோய்களில் பெரும் பங்கு மலக்குடலில் வருகிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதி, கையுறை போட்ட மருத்துவரின் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றிலும் மலிவான சோதனை அந்த விரல்தான். அரை நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் மூலம் என்று சொல்லும் வைத்தியரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். பெண்கள் கூச்சத்தால் மறுப்பதைப் புரிந்துகொள்கிறேன். பெண் மருத்துவரைக் கேட்டு வாங்கலாம். அதற்கு அடுத்த படி சிக்மாய்டோஸ்கோபி. குட்டைக் குழாய், எனிமா மட்டும் போதும், மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை. இளைஞருக்கு இரத்தம் வருகிறது, வேறு எச்சரிக்கை எதுவும் இல்லை என்றால், பல நேரங்களில் இங்கேயே விடை கிடைத்துவிடும்.

மருந்து சாப்பிட்டும் சில வாரங்களில் நிற்காத இரத்தம், மலத்தோடு கலந்து வரும் இரத்தம், போனபின்னும் முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு, வழக்கம் மாறி மெலிந்து வரும் மலம், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் திரையிடல் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. நேராகக் கொலோனோஸ்கோபி. பிரிட்டனில் அறிகுறி உள்ளவர்களையும் முதலில் எஃப்.ஐ.டி. வைத்துத் தரம் பிரிக்கச் சொல்லி 2023-இல் வழிகாட்டுதல் வந்தது. நீண்ட காத்திருப்புப் பட்டியல் உள்ள நாட்டுக்கு அது பொருத்தம். அங்கும்கூட, முடிவு 'இல்லை' என்று வந்தாலும் அறிகுறி தொடர்ந்தால் விடாமல் பார்க்கச் சொல்கிறார்கள். இரத்தம் வருகிறவர் ஷீல்டையோ சி.இ.ஏ.யையோ எடுத்து, 'இல்லை' என்ற தாளோடு ஆறு மாதம் ஓட்டிவிடுவதுதான் நான் உண்மையில் பயப்படுவது. அமெரிக்கக் கணக்கில், குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஐந்து வருடம் கடக்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது 20 சதவீதத்தையும் எட்டுவதில்லை.

குழாய்

கொலோனோஸ்கோபியின் பலம் தெரிந்ததுதான். முழுப் பெருங்குடலையும் நேரில் பார்க்கலாம், பாலிப்பை அங்கேயே எடுக்கலாம், சந்தேகமான இடத்தில் சதைத் துணுக்கு எடுக்கலாம். எல்லாம் நன்றாக இருந்தால், சராசரி அபாயம் உள்ளவருக்குப் பத்து வருடம் விடுதலை. திரையிடலுக்காகச் செய்யும்போது குடலில் ஓட்டை விழுவது 10,000 பேரில் மூவருக்கு அளவில், பெரிய இரத்தக் கசிவு 15 பேருக்கு அளவில். சிறிய எண்கள்தான், ஆனாலும் பூஜ்யம் இல்லை. ஆகவே பொழுதுபோகாமல் செய்துகொள்ளும் சோதனையும் இல்லை.

செய்துகொள்வது என்று முடிவானால் உண்மையான பாடு முந்தின நாள்தான். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள காய், முழுத் தானியம் வேண்டாம். இட்லி, வெள்ளைச் சாதம், மோர் போதும். முந்தின நாள் இளநீரும் வடிகட்டிய ரசமும் மட்டும். அப்புறம் பேதி மருந்துக் கரைசல், லிட்டர் கணக்கில். இங்கே ஒரு செட்டிநாட்டுச் சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும்: முகப்பில் படுத்துக்கொண்டு, வளவும் இரண்டாங்கட்டும் தாண்டிக் கொல்லைப்புறக் கழிப்பறைக்கு ஓடுவதென்றால் பெரிய வீட்டுப் பெருமை அன்றைக்குக் கைகொடுக்காது. பக்கத்திலேயே கழிப்பறை உள்ள அறையாகப் பார்த்து இருங்கள். மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஒருவர் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. மதுரையோ திருச்சியோ காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பேதி மருந்தின் கடைசிப் பங்கைக் குடித்துவிட்டு அதிகாலைப் பஸ்ஸில் ஏறலாம் என்று யோசிக்காதீர்கள். முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள், அல்லது பக்கத்திலேயே செய்கிற இடம் இருந்தால் அங்கே போங்கள். அறிக்கை வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை குழாய் போனதா, வயிறு நன்றாகச் சுத்தமாகியிருந்ததா. இரண்டில் ஒன்று 'இல்லை' என்றாலும் அந்தப் பத்து வருட விடுதலை செல்லாது.

குடும்பத்தில் நோய் இருந்தால்

அறிகுறி இல்லாதவர்களில், வயதைப் பாராமல் குழாயிடம் போக வேண்டியவர்கள் இவர்கள்தான். பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்கு வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். அப்பச்சிக்கு 44-இல் வந்தது என்றால் மகனுக்கு 34. லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு உறுதியான குடும்பங்களில் 20, 25 வயதிலேயே தொடங்கி, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை.

செட்டிநாட்டில் வம்சாவளிக்குப் பஞ்சமில்லை. இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவும் மொய் ஏடும் தலைமுறை கடந்து பத்திரமாக இருக்கும். எந்த வீட்டில் யார் யாரை மணந்தார்கள் என்று ஆயா நாள் நட்சத்திரத்தோடு சொல்வார்கள். ஆனால் யார் எதனால் இறந்தார்கள் என்று ஏட்டில் இருக்காது. "வயிற்று வலி வந்து ரங்கூனில் போய்விட்டார்" என்பதற்கு மேல் தெரியாது. கர்ப்பப்பை நோயால் போன அத்தையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், லிஞ்ச் குடும்பங்களில் கருப்பைப் புற்றும் வரும். இன்னொரு முடிச்சு, சுவீகாரம். எங்கள் பக்கம் சுவீகாரம் வந்த பிள்ளைகள் இல்லாத பங்காளி வரிசை அபூர்வம். கோயிலுக்கும், புள்ளி என்ற குடும்பக் கணக்குக்கும் அந்த வரிசை சரி. மரபணுவுக்குப் பிறந்த வீட்டு வரிசைதான் கணக்கு. தாத்தா சுவீகாரம் வந்தவர் என்றால், அவர் பிறந்த வீட்டில் போய் விசாரிக்க வேண்டும். கேட்கச் சங்கடமாக இருக்கும், கேளுங்கள்.

இந்த இடத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை முழுத் தகுதியோடு உள்ளே வருகிறது. அது பரம்பரை மரபணுச் சோதனை. 2017-இல் வந்த ஓஹையோ ஆய்வில், 50 வயதுக்குள் இந்த நோய் வந்த 450 பேரில் 16 சதவீதத்தினருக்குப் பரம்பரை மரபணு மாற்றம் இருந்தது. முதலில் நோய் வந்தவருக்குச் செய்து மாற்றம் இன்னதென்று தெரிந்துவிட்டால், மற்ற உறவினர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். வாழ்நாளில் ஒருமுறைதான். 'இல்லை' என்று வந்த உறவினர், அந்த மாற்றத்தால் வரும் கூடுதல் அபாயத்திலிருந்து விடுபடுகிறார்.

தம்பிக்கு

வயது 35, அறிகுறி இல்லை, பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ யாருக்கும் இல்லை என்றால் ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். மனம் கேட்கவில்லை என்றால் எஃப்.ஐ.டி. எடுங்கள், 'உண்டு' என்று வந்தால் குழாய்க்குப் போவேன் என்ற உறுதியோடு. உப்புக்கண்டத்தைக் குறைக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் குடல் புற்றுநோய்க்குக் காரணம் என்று சொன்ன பதப்படுத்திய இறைச்சி என்ற வகைக்குள் உப்பிட்டு உலர்த்திய கறியும் வரும். தினம் 50 கிராம் தின்பவருக்கு அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஆச்சி எப்போதாவது பொரித்துப் போடும் நான்கு துண்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பயப்பட வேண்டாம். சிகரெட்டை விடுங்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

45-ஐத் தாண்டியபின், குழாயும் வேண்டாம் மலமும் தொட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவருக்கு, அப்போது ஷீல்ட் போன்ற ஒன்று இங்கே நியாயமான விலையில் கிடைத்தால், எதுவும் செய்யாமல் இருப்பதைவிட அது மேல். அந்தக் கூட்டத்துக்காகத்தான் அது உருவானது.

உங்கள் பெரியப்பாவுக்குக் குடல் புற்றுநோய் வந்ததைப் பற்றியும் சொன்னீர்கள். அவர் அறுவையின்போது எடுத்த திசுவில் எம்.எம்.ஆர். சோதனை (டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது) செய்தார்களா என்று மருத்துவமனையில் கேளுங்கள். லிஞ்ச் இருக்கக்கூடுமா என்பதற்கு முதல் தடயம் அதில்தான் கிடைக்கும். செய்யவில்லை என்றால், மெழுகில் பதித்து வைத்திருக்கும் அந்தத் திசுவை வாங்கி இப்போதுகூடச் செய்யலாம். அறிக்கையின் நகல் ஒன்றைப் பெரியப்பா வீட்டு அண்ணனிடமும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.